இன்னும் கால் டிகிரி

காரின் பானெட்டைத் திறந்ததும், அவர் தன் காதில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சில் துண்டை எடுக்கிறார். கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் வாயில் பென்சிலைத் திணிக்கிறார். தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சரியாக வைத்து முடிக்கும்வரை அந்தக் குழாய் காற்றை இழுக்கக் கூடாது. முடிந்ததும் பென்சில் காதுக்கும், குழாய் அதன் இடத்துக்கும் திரும்ப வேண்டும். அடைக்கத் தனியாக ஒரு மூடி வாங்கலாமே என்றால் முறைப்பார்.

கட்டட வரைபடம் போடுவது தொழில். ஆனால் பொழுது விடிந்தால் பொழுது போனால் தலை இருப்பது அந்தப் பழைய காரின் பானெட்டுக்குள். இன்ஜினில் சுழலும் சக்கரத்தில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறார். மின்னி மின்னி அடிக்கும் விளக்கைக் காட்டி, கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்புவார். இன்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். மனிதருக்குத்தான் இருப்புக்கொள்ளாது. "இன்னும் கால் டிகிரி" என்பார். தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்கள் கிடந்தன. ஒன்று பழையது, பாயின்ட் என்கிற உலோக முனைகள் வைத்தது. அடிக்கடி தேய்த்துவிட்டு இடைவெளி பார்க்க வேண்டும். மற்றது எலக்ட்ரானிக். ஒருமுறை சரியாகப் பூட்டினால் மறந்துவிடலாம். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தொடவே வேணாம்னா அப்புறம் நான் எதுக்கு?"

மகளுக்கு மலை நகரம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. நானூறு கிலோமீட்டர், கடைசி அறுபது ஒரே ஏற்றம். இந்தக் காரில்தான் போவேன், தனியாகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாள்? அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றை எடுப்பார், வைப்பார், மற்றதை எடுப்பார். மனைவிதான் போட்டு உடைத்தாள்.

"வண்டி அவகூட போகுது. நீங்க போகல. அத நெனச்சு எடுங்க."

எலக்ட்ரானிக்கைப் பூட்டினார். பூட்டினவர் சும்மா இருந்தாரா? கிளம்பும் காலையில் மூன்று முறை பானெட்டைத் திறந்து டைமிங் பார்த்தார்.

"நீ எதையும் தொடாத. சத்தம் மாறினா ஓரமா நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணு. பானெட்ட மட்டும் தொறந்துடாத."

"எத்தன தடவப்பா சரி சொல்றது? விடுங்க, மணி ஒம்பது ஆகுது." மகளே பானெட்டை மூடிவிட்டு ஏறினாள்.

கார் தெருமுனை திரும்பியது. உள்ளே வந்து வரைபலகை முன் உட்கார்ந்தார். கோடு போடலாமென்று கை காதுக்குப் போனது. காதில் ஒன்றுமில்லை.

பென்சில் குழாயில்! வண்டி ஓடும், ஆனால் மந்தமாக ஓடும். பெட்ரோலை மொண்டு மொண்டு குடிக்கும். இத்தனை வருஷத்தில் மறக்காததை இன்றைக்கா மறக்க வேண்டும், பாவி மனுஷன்! போன் அடித்தார். எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினார். கறிகாய்க் கூடைகளைத் தாண்டி, சைக்கிள்காரனிடம் திட்டு வாங்கி, மூச்சிரைக்க ஓடினார்.

மூலை பெட்ரோல் பங்கில் கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. நின்றேபோய்விட்டதா?

அவர் சாலையைக் கடப்பதற்குள் பானெட் படாரென்று மூடியது. மகள் கைக்கரியைத் துணியில் துடைத்துக்கொண்டு ஏறினாள். சாவியின் முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. வெளியே வந்த கார் அவர் பக்கத்தில் ஒரு நொடி வேகம் குறைந்தது.

"குழாய மாட்டிட்டேன்ப்பா. வீட்டுக்குப் போங்க, கால்ல செருப்பு இல்ல!"

அவள் கையிலிருந்த பென்சில் துண்டை வாங்கிக்கொள்ள அவர் கையை நீட்டினார். அவள் சிரித்தபடி அதைத் தன் காதில் செருகிக்கொண்டு கியரை மாற்றினாள்.