சத்தம் கேட்கும் வீடு

அக்காவின் விரல்கள் உள்ளே இருக்கும்போதே அத்தான் லேப்டாப்பை அறைந்து மூடினார். ஃபிரிஸ்கோவில் அவர்கள் வீட்டுச் சமையலறை மேடையில், இட்லிப் பானையின் ஆவி இன்னும் அடங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்தது இது. மூடுவதற்கு முன்பு திரையில் நீலக் கடலும், பாறை உச்சியில் ஒற்றையாக ஒரு வெள்ளை வீடும், அதன் முன்னால் பெரிய நீச்சல் குளமும் இருந்தன. மூடிய பிறகும் அத்தான் கையை எடுக்கவில்லை, அழுத்தினார். அக்கா கத்தவில்லை. மூச்சை மூக்கால் விட்டுக்கொண்டு, ஹாலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சட்னிக் கிண்ணத்தோடு நின்றிருந்த நான் "அத்தான்!" என்று போட்ட சத்தத்தில்தான் அவர் கை எழுந்தது. "சும்மா வெளையாட்டுக்குப் பண்ணேன், எதுக்கு இவ்ளோ டென்ஷன்?" என்று சிரித்தார். அக்கா கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு நகங்கள் கறுத்து, பிறகு விழுந்தன.

அத்தான் அக்காவை அடிப்பார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கோவிலில் அன்னதானம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டி முதல் ஆளாகப் பரிமாறுகிறவர் அவர். தெருவில் யார் வீடு மாறினாலும் சாமான் தூக்கப் போவார். "உங்க அத்தான் மாதிரி ஒருத்தர் கெடைக்கணும்" என்று ஒரு ஆன்ட்டி என்னிடம் சொன்னபோது, கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை அந்த ஆன்ட்டியின் முகத்தில் அப்பலாமா என்று யோசித்திருக்கிறேன். அடிப்பதற்கு அவர் இடம் பார்ப்பார். ஃப்ரீவேயில் கண்ணாடி ஏற்றிய காருக்குள், கதவு இறங்கிய கராஜுக்குள், ஏரிக்கரையில் ஆள் அரவமில்லாத ஒரு மர வீட்டுக்குள். அந்த மர வீட்டில்தான் அக்காவின் மணிக்கட்டை முறித்தார். படகுத்துறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லோருக்கும் சொன்னார்கள், எனக்கு மட்டும் அக்கா உண்மையைச் சொன்னாள். ஃபிரிஸ்கோவில் வீடுகள் என்னவோ பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஜன்னலை யாரும் திறப்பதில்லை, ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே ஆளைக் கொன்றாலும் பக்கத்து வீட்டில் புல்வெட்டும் சத்தம்தான் கேட்கும்.

போலீஸுக்குப் போன் பண்ணு என்று நான் கெஞ்சாத நாளில்லை. அக்காவின் விசா அத்தானின் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. "கேஸ் ஆச்சுன்னா க்ரீன் கார்டு போயிரும்டி. என்னைய ஊருக்கு அனுப்பிருவாவ. பிள்ளைங்க இங்க பொறந்ததுங்க, அதுங்கள விடமாட்டாரு" என்பாள். அது சரியா தப்பா என்று கேட்க எந்த வக்கீலிடமும் போனதில்லை. அத்தான் சொன்னதுதான் அவளுக்குச் சட்டம். ஒவ்வொரு முறை அடித்த பிறகும் அதைத்தான் அவர் நிதானமாக, குரலை உயர்த்தாமல் சொல்லுவார்.

கடைசியில் க்ரீன் கார்டு வந்தது. வந்த அன்றே அக்காவின் கார்டும் பாஸ்போர்ட்டும் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டும் அத்தானின் பூட்டிய டிராயருக்குள் போயின. கொண்டாட்டமாக கிரீஸில் ஒரு தீவுக்குப் போகிறோம் என்று அறிவித்தார். அக்கா கணக்குப் போட்டாள். அந்தக் காகிதங்கள் டிராயரை விட்டு வெளியே வருவது இந்தப் பயணத்துக்கு மட்டும்தான். திரும்பி ஹூஸ்டனில் விமானம் மாறும்போது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும், நான் காரோடு நிற்க வேண்டும். அதுவரைக்கும் அவள் முழுசாக இருக்க வேண்டும். அந்தப் பாறை உச்சி வீட்டில் அது நடக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பிரைவசின்னா இதுதான், சுத்தி ஒரு மனுஷன் கிடையாது" என்று அத்தான் அந்தப் படத்தைக் காட்டிச் சொல்ல, அக்கா வேறு வீடு தேடக் கை வைத்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை அறைந்து மூடினார்.

அதற்குப் பிறகு வார இறுதிகளில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கும் என் வீட்டிலிருந்து நாலு மணி நேரம் ஃபிரிஸ்கோவுக்கு ஓட்டிப் போவேன். அத்தான் கோவிலில் சாம்பார் வாளியோடு நிற்கும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் வீடு தேடுவோம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? கடற்கரை பக்கமா, மாடிப்படிக்குக் கதவு உண்டா, பால் எங்கே கிடைக்கும். அத்தான் வீட்டில் இருக்கும்போது அக்கா அதையெல்லாம் அவர் காதுக்காகப் பேசுவாள். எனக்கு எதிரே உட்கார்ந்து அவள் படித்தது, தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதிய புகார்களை மட்டும். பக்கத்து வீட்டில் தும்மினால் கேட்கிறது என்று ஒருவர் எரிச்சலோடு எழுதியிருந்தார். வீட்டுக்காரம்மா கீழேயே குடியிருக்கிறாள், நினைத்தபோதெல்லாம் மேலே ஏறி வருகிறாள் என்று இன்னொருவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே அடங்கிப் படுத்துவிடுகிறது, அந்த நேரத்தில் என் பிள்ளைகள் சிரித்ததற்குத் தெருவே ஜன்னலைத் திறந்து அதட்டியது, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று ஒரு குடும்பம். மூன்று புகாரும் ஒரே வீட்டைப் பற்றி, குறுகிய சந்துக்குள் வீடுகளோடு வீடாக ஒட்டி நின்ற ஒரு மாடி வீடு. அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

"ஏட்டி, இதக் கேளேன். எவ்வளவு நல்லா இருக்கு!"

நல்ல வீடு தேடி இப்படி ஒருத்தி சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படித்தவள், வேலை பார்க்கிறவள், தன்னை அடிக்கும்போது நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

அத்தானை அந்தச் சந்து வீட்டுக்குச் சம்மதிக்க வைத்தது, பாளையங்கோட்டையில் இருந்த அவர் அம்மா. உலகத்தில் அவர் பயப்படுகிற ஒரே ஆள். நான் பக்கத்தில் இருக்கும்போதே அக்கா வீடியோ காலில் பிடித்தாள். "அத்தை, உங்க பேரனுக்குத் தண்ணில கண்டம் இருக்காம். கோவில்ல ஜாதகம் பாக்க ஒரு பெரியவர் சொன்னாரு. இவரு என்னன்னா ஸ்விம்மிங் பூல் வச்ச வீட்டத்தான் புக் பண்ணுவேங்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படி ஒரு பெரியவர் கிடையாது. அத்தைக்குப் பதறிப்போயிற்று. அன்று மாலையே மகனைக் கூப்பிட்டு, "எய்யா, குளம் இருக்க வீட்டுல என் பேரன் கால வைக்கப்படாது, என் மேல சத்தியம்" என்றாள். தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர்தான் என்பது அத்தையின் யோசனைக்கு வரவே இல்லை, அத்தானுக்கும் எடுத்துச் சொல்லத் துணிச்சல் இல்லை. தனியாக நின்ற வீடுகள் எல்லாவற்றிலும் குளம் இருந்தது. எஞ்சியது சந்து வீடு. கராஜில் அக்கா அதற்கும் சேர்த்து அடி வாங்கிக்கொண்டாள்.

தீவில் நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னாள், பலமுறை, ஒரு வார்த்தை மாறாமல். போய் இறங்கிய நாளே பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போய் வீட்டுக்காரம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். பருத்த கைகள், நரைத்த தலை, எட்டுப் பத்து ஆங்கில வார்த்தைகள். அவள் கணவர் படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். இரண்டு நாள் அத்தான் ஊருக்கு நல்லவராக இருந்தார். அடுத்த நாள் மத்தியானம் கடலிலிருந்து திரும்பி வந்தவுடன் கார் சாவியைக் காணவில்லை. ஊர் முழுக்க அடங்கியிருந்தது. அத்தான் அந்த அமைதியைப் பார்த்து ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்.

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து அலமாரிக் கதவில் மோதினார். முதல் மோதலில் புருவம் கிழிந்தது. இரண்டாவதில் கதவு கீலோடு கழன்றது. சின்னவள் வழக்கப்படி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். அக்காவுக்குக் கத்த வேண்டும் என்று தெரிந்தது, கத்த வரவில்லை. இத்தனை வருஷம் பல்லைக் கடித்தே பழகிய வாய். மூன்றாவது முறை தலையைப் பின்னுக்கு இழுத்தபோது தொண்டை தானாகத் திறந்துகொண்டது. "அம்மா" என்று கத்தியிருக்கிறாள், நிறுத்தாமல். தன் குரல் தனக்கே பயமாக இருந்தது என்றாள்.

யாரும் கதவைத் தட்டவில்லை. வீட்டுக்காரம்மா தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தாள். பின்னாலேயே கையெல்லாம் இன்ஜின் எண்ணெயோடு கணவர், பனியனோடு எதிர்வீட்டுக்காரர், தூக்கக் கலக்கத்தோடு இன்னும் சிலர். அத்தான் உடனே குரலைத் தணித்து, "ஃபேமிலி மேட்டர். மை வைஃப்" என்றார். வீட்டுக்காரம்மா குனிந்தாள். காலில் இருந்த செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் ஒன்று, திரும்பின கன்னத்தில் ஒன்று, முழுக்கையையும் ஓங்கிப் போட்டாள். "மை ஹவுஸ்" என்றாள்.

போலீஸ்காரர் வந்தபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் பாஸ்போர்ட், என் கார்டு, பிள்ளைகளின் பாஸ்போர்ட். படகு இன்ஜின்காரர் அத்தானின் பையைத் தலைகீழாகக் கொட்டி, அவற்றைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்தார். போலீஸ்காரர் அத்தானை அழைத்துக்கொண்டு போனார். அத்தான் திரும்பி அந்தச் சந்துக்குள் வரவில்லை. ஹூஸ்டன் விமான நிலையத்தில் புருவத்தில் தையலோடு அக்கா வந்து இறங்கினாள். பெரியவன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "சித்தி, அம்மா ஸ்க்ரீம்ட் சோ லவுட்! எவ்ரிபடி கேம்!" என்றான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின செய்தியைச் சொல்லும் குரல்.

உறவெல்லாம் கூடி வீடியோ காலில் பஞ்சாயத்து வைத்தார்கள். எங்கள் அம்மா, அத்தை, நடுவில் தாய்மாமா. நானும் அக்காவும் கேட்டியில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் அக்கா சொன்ன பிறகும் ஒருவர்கூட மணிக்கட்டைக் கேட்கவில்லை, தையலைக் கேட்கவில்லை. பேச்செல்லாம் செருப்பைப் பற்றித்தான். "எம் மவன ஒரு பொம்பள செருப்பால அடிச்சிருக்கா, அத இவ பாத்துக்கிட்டு நின்னுருக்கா" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் அம்மாவும் சேர்ந்து அழுதாள். ஆம்பளைக்கு அதைவிட அவமானம் உண்டா, நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் மாமா. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அந்தம்மா ரெண்டுதான் அடிச்சா மாமா. மிச்சத்த யாரு அடிக்கணும்னு பேசி முடிங்க, நான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினாள்.

கோர்ட்டும் வக்கீலும் இன்னும் முடியவில்லை. கார்டு போய்விடும் என்பது வெறும் பூச்சாண்டி என்று முதல் நாளே வக்கீலம்மா சொன்னபோது, அக்கா அந்த மேஜையில் தலையை வைத்து அழுதாள். என் வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்று இந்தக் கோடையில் கேட்டியிலேயே ஒரு அபார்ட்மென்ட் பார்க்கப் போனோம். ஃபிரிஸ்கோ வீட்டின் வரவேற்பறைக்குள் மொத்தமாக அடங்கிவிடும் அளவு. சாவி கொடுத்த பெண் கீழே ஆபீஸில் இருந்தாள், பிள்ளைகள் கார் பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலி அறைகளில் அக்கா ஒரு சுற்று நடந்தாள். சமையலறையைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை. என்னை வெளியே அனுப்பினாள்.

"நீ காரிடார் அந்த முக்குல போயி நில்லுடி. கதவச் சாத்திட்டு நான் ஒரு சத்தம் போடுதேன். கேக்குதான்னு சொல்லு."

போய் நின்றேன். வெறும் சோதனை என்று எனக்குத் தெரியும், சொல்லிவிட்டுத்தான் செய்கிறாள். ஆனாலும் அந்தக் குரல் கேட்டதும் கால்கள் தானாக ஓடின. நான் போய்ச் சேருவதற்குள் காரிடாரில் இரண்டு கதவுகள் திறந்துவிட்டன. ஈரத்தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பையன், கையில் கரண்டியோடு ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. ஆன்ட்டி எனக்கு முன்னால் போய்க் கதவைப் படபடவென்று தட்டினார். "பிள்ளை, கதவைத் திறவும்! என்ன நடக்குது அங்க?"

அக்கா கதவைத் திறந்தாள். வாசலில் நின்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி," என்றாள், "குடிவாரோம்."