அப்பாவின் இரண்டு ரிமோட்டுகள்

இனி பாக்ஸ் இல்லாமல் படம் வராது என்று கேபிள்காரர் சொல்லிவிட்ட பிறகு, வெள்ளகோவிலில் அப்பா வீட்டிலும் ஒரு செட்டாப் பாக்ஸ் வைக்க வேண்டியதாயிற்று. அம்மா இறந்த பிறகு மூன்று வருடங்களாக அப்பா அங்கே தனியாக இருக்கிறார். சமையல், துணி, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் அவரே. டிவி பழையது, பின்பக்கம் பருத்தது. புதிது வாங்கித் தருகிறோம் என்று நானும் அண்ணனும் சொன்னபோது, "நல்லா ஓடறத எதுக்கு அம்மணி தூக்கிப் போடோணும்?" என்று பேச்சை முடித்துவிட்டார்.

பாக்ஸ் வைத்த அன்று நான் துடியலூரிலிருந்து போயிருந்தேன். கேபிள்காரர் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை டிவியின் பின்னால் செருகி, டிவி ரிமோட்டில் ஏதோ அழுத்தினார். படம் வந்தது. அவர் போனதும் நான் வேலையைத் தொடங்கினேன். டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று என்று இனி இரண்டு ரிமோட். அப்பா குழம்பிவிடக் கூடாது என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் நான்கு வரிகள் எழுதினேன். ஒன்று, சுவிட்சைப் போடவும். இரண்டு, டிவி ரிமோட்டில் சிவப்பு பட்டன். மூன்று, பாக்ஸ் ரிமோட்டில் சிவப்பு பட்டன். நான்கு, சேனல் நம்பர். டிவி ரிமோட்டில் சிவப்பைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று அடிக்கோடிட்டேன். தொட முடியாதபடி மற்ற பட்டன்கள் மேல் வெள்ளை பிளாஸ்திரியும் ஒட்டினேன். இரண்டு முறை போட்டுக் காட்டச் சொன்னேன். இரண்டு முறையும் சரியாகச் செய்தார்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"அம்மணி, படம் வரலையே. புள்ளி புள்ளியாக் கொட்டுது."

"தாள்ல இருக்கறபடி செஞ்சீங்களாப்பா?"

"அப்படியேதான் செஞ்சேன்."

கேபிள்காரர் போய்ப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங், நான் போட்டதும் வந்துருச்சுங்" என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே போன். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுகூட அதில் இருக்கும். இந்தப் போன்களையும் குறித்துவைத்தேன்: "அப்பா. படம் வரவில்லை. கேபிள்காரர் சரி செய்தார்."

அண்ணன் கோவையில் அடுக்குமாடியில் இருக்கிறான். மாதக் கடைசியில் கேட்டான்: "நீதான் தும்முனாக்கூட எழுதி வெப்பியே, அப்பா எத்தன தடவ கூப்புட்டாரு?"

எண்ணிச் சொன்னேன். பதினொரு தடவை.

"நாலு வரி எழுதிக் குடுத்தும் மறந்துபோகுதுன்னா, நாளைக்கு கேஸ் அடுப்ப மறந்துட்டா என்ன பண்றது? இனி தனியா உடக் கூடாது. ஞாயித்துக்கிழம நான் வந்து கூட்டிட்டு வந்தர்றேன்" என்றான். நானும் சரி என்றேன். பதினொரு தடவை என்று நாட்குறிப்பிலேயே இருக்கிறதே.

சனிக்கிழமை மதியம் அவருடைய சாமான்களை எடுத்துவைக்கப் போனேன். நான் போவதற்குள் வேட்டி சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. "செரி, எல்லாத்துக்கும் ஒரு வயசு இருக்குது" என்று மட்டும் சொன்னார். ஐந்து மணிக்குச் செய்தி பார்க்க உட்கார்ந்தார். தாளை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே செய்தார். சுவிட்ச். டிவியின் சிவப்பு. பாக்ஸின் சிவப்பு. நம்பர். நான்கும் சரி. திரையில் இரைச்சலும் புள்ளிகளும்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவிட்சைப் பார்த்தேன்.

அந்த வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், தோட்டத்துக்குப் போனாலும்கூட, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். இடி இடித்தால் மோட்டார் கெட்டுவிடும் என்று தொடங்கிய பழக்கம். அப்பா இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தோட்டத்துக்குப் போவார். என் வீட்டில் டிவியை ரிமோட்டில்தான் அணைப்போம், சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்கும். அன்று நான் அவரைச் செய்து காட்டச் சொன்ன இரண்டு முறையும் சுவிட்சைத் தொடாமல் ரிமோட்டில்தான் அணைத்துப் போட்டோம். ஆனால் இந்தப் பழைய டிவி, சுவிட்சை அணைத்துப் போட்டால், பாக்ஸிலிருந்து வரும் படத்தைக் காட்ட வேண்டும் என்பதை மறந்து பழைய நிலைக்குப் போய்விடுகிறது. அதை மறுபடி மாற்ற ஏவி என்று ஒரு பட்டன் இருக்கிறது. அது நான் ஒட்டிய பிளாஸ்திரிக்கு அடியில் இருந்தது. கேபிள்காரர் டிவியிலேயே இருக்கும் பட்டனை அழுத்திச் சரி செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

நகத்தால் சுரண்டி எடுத்து அழுத்தினேன். செய்தி வந்தது.

"அப்பா, மறந்தது நீங்க இல்லீங். நான் ஒரு வரிய எழுதாம உட்டுப்போட்டேன். அந்தப் பட்டன மூடுனதும் நாந்தானுங்."

அவர் ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிச்ச புள்ள எழுதுனது தப்பா இருக்குமான்னுதான் நெனச்சேன். எனக்குத்தான் புத்தி போயிருச்சாட்ட இருக்குதுன்னு..." பதினொரு தடவையும் அவர் அப்படி நினைத்திருக்கிறார். என் நாட்குறிப்பில் அது இல்லை.

மறுநாள் அண்ணன் வந்தான். நடந்ததைச் சொன்னேன். சுவிட்சை அணைத்துவிட்டு அப்பாவையே போடச் சொன்னான். அப்பா கடைசியில் ஏவியையும் அழுத்தினார். படம் வந்தது.

"செரிங்கப்பா, டிவி செரி. மத்ததெல்லாம்?"

"மத்ததுல நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு சொல்லு சாமி. கெளம்பி வந்தர்றேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்பாவைப் பற்றி என் நாட்குறிப்பிலும் டிவியைத் தவிர வேறு புகார் இல்லை. அப்பா வைத்த ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்குத் தனியாகவே காரை எடுத்தான்.

அன்று இரவும் அங்கே தங்கிவிட்டு, மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பா கேட் வரைக்கும் வந்தார்.

"ஒரு நாளைக்கு நெசமாவே மறதி வந்தாலும் வரும் அம்மணி. அப்ப நீ இப்பிடி வந்து, கூட உக்காந்து பாத்துட்டுச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

சரிங்கப்பா என்றேன்.