வானொலி நிலையத்தில் தொலைந்த மௌனம்

எங்கள் வானொலி நிலையத்தின் ஒலிக்கிடங்கைக் கவனித்துக்கொண்ட ஆளுக்கு 'ஒரே தட்டு' என்று பெயர் வைத்திருந்தோம். நாங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மாற்றி, சேமித்து மாரடித்துக்கொண்டிருப்போம். இவர் கணினிக்கு நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதுவார், என்டரை ஒரே தட்டு, அவ்வளவுதான்; சாய்ந்து உட்கார்ந்து நகம் வெட்டிக்கொள்வார். எங்களுக்கு வயிறு எரியும்.

பழைய வேவ் ஒலிக்கோப்புகள் இடத்தை அடைக்கின்றன, எல்லாவற்றையும் சுருக்கி எம்பி3 ஆக்கு என்றார் இயக்குநர். முடித்தால் வேலை நிரந்தரம். தற்காலிக ஊழியராகவே தலை நரைத்த மனிதர், மனைவியிடமும் வாக்குக் கொடுத்துவிட்டார். கெட்டிக்காரத்தனம் சும்மா இருக்குமா? சத்தமில்லாத பகுதிகளை வெட்டு, மூலக்கோப்பை அழி என்று இரண்டு வரிகளைக் கூடுதலாகச் சேர்த்துத் தட்டினார்.

நிறுவனர் நினைவு நாள் வந்தது. எங்கள் நிலையத்தில் மௌன அஞ்சலிக்கும் கோப்பு உண்டு. மேலிடம் கேட்டுப் பார்த்து ஒப்புதல் தந்த மௌனம்; அதைத்தான் ஒலிபரப்ப வேண்டும். அந்தக் கோப்பில் வெட்டுவதற்கு மௌனத்தைத் தவிர என்ன இருந்தது? எல்லோரும் தலைகுனிந்து நிற்க, வெற்றுக் கோப்பைத் தாண்டி அடுத்தது ஓடியது. மூட்டுவலித் தைல விளம்பரம், பாட்டோடு.

"மௌனத்த எங்கய்யா தொலைச்ச?" இயக்குநர் கத்தினார்.

"ஒரே தட்டுல புதுசு பண்ணிடலாம் சார்."

"பண்ணு. அதுவரைக்கும் நிரந்தரம் கிரந்தரம்னு வாயத் தொறக்காத."

கணினியில் செய்த மௌனத்தை ஒப்புதல் குழு கண்ணை மூடிக் கேட்டது. "பழசுல ஒரு கனம் இருந்துச்சே" என்று தள்ளிவிட்டது. ஸ்டுடியோவில் பதிந்ததும் தேறவில்லை. மனிதர் ரெக்கார்டரை வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சமையலறை மேசையில் ஓடவிட்டார்.

"வேல நிரந்தரம் ஆயிடுச்சா?" என்றார் மனைவி.

"இல்லம்மா. தள்ளிப்போச்சு."

அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை. ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

கேள்வியையும் பதிலையும் வெட்டிவிட்டு மீதியைக் குழுவிடம் கொடுத்தார். இம்முறை இயக்குநர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "இதுதான்யா மௌனம்!" என்று நிரந்தர ஆணையில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

இன்றும் நினைவு நாளில் அதுதான் ஒலிக்கிறது. நாங்கள் நிறுவனரை நினைத்துத் தலைகுனிகிறோம். ஒரே தட்டு மட்டும், பதில் சொல்ல வழியில்லாத புருஷனாக, வியர்த்து விறுவிறுத்து நிற்கிறார்.