சிவபாலன் மாமாவின் தறிக்குழி

சிவபாலன் மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொல்லியிருந்தால் போன வருஷம் வரைக்கும் எங்கள் தெருவே சிரித்திருக்கும். வாய் அப்படி. என் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த மனுஷன். அவர் பேசினால் தறிச் சத்தம் அடங்கிப்போகும். பள்ளிக்கூடத்தை விட்டதும் தறிக்குழியில் காலை விட்டவர். இடுப்புக்கு மேலே பட்டு, கீழே இருட்டு. கால் தன்பாட்டுக்கு மிதியை மிதிக்கும், வாய் தன்பாட்டுக்கு ஊரைத் திட்டும்.

தீபாவளி அவசரம் முடிந்த கையோடு தெருக்காரர்கள் வேன் வைத்துக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனோம். அங்கேதான் வந்தது வினை. முதல் பாதி நன்றாகவே போயிற்று. மீன் காட்சிச் சாலையில் தலைக்கு மேலே கண்ணாடியில் திருக்கை மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு நகர்ந்தது. சுறாவைப் பார்த்து, "இன்னாபா, தறியில பாவு பாக்க வர்ற நம்ம முதலாளி மூஞ்சி மாதிரியே இருக்குது!" என்று மாமா போட்ட போட்டில் எனக்குப் புரையேறிவிட்டது. கல் சந்திலிருந்து ஒரு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடியது. அதனிடமும் பேச்சுக் கொடுத்தார்.

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. மலைப்பாம்பு, நல்ல பாம்பு எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு கண்ணாடிப் பெட்டியில் மட்டும் ஒன்றுமில்லை. கொஞ்சம் மணல், ஓர் உடைந்த சட்டி. வெளியே 'கட்டுவிரியன்' என்று பலகை. "காலிப் பெட்டிக்கு ஒரு போர்டு வேற" என்று நான் நகர்ந்தேன். மாமா கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு தேடினார். அங்கே வேலை பார்க்கிறவர் வந்து, "கைய எடுங்க சார். உங்க விரலுக்கு நேரா கீழதான் இருக்குது" என்றார்.

கண்ணாடியின் அடி விளிம்பை ஒட்டிச் சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். அத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"பகல்ல இப்படித்தான் சார். இருட்டா, குளுமையா ஒரு குழி கெடச்சா போதும். கடிச்சாகூட அவ்வளவா வலிக்காது. எறும்புன்னு விட்டுடுவாங்க. அப்புறம் எழுந்திரிக்க மாட்டாங்க."

மாமாவின் வாய் மூடிக்கொண்டது. திரும்பும் வழியில் வேன் வாலாஜாபாத் தாண்டியும் இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே மடக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் தறி ஓடவில்லை. எட்டிப் பார்த்தால், குப்புறப் படுத்துச் செல்போன் வெளிச்சத்தைக் குழிக்குள் அடித்துக்கொண்டிருக்கிறார். அதற்கடுத்த நாளும் அதே கூத்து. "ஒண்ணும் இல்லியே மாமா" என்றேன். "அங்கயும் ஒண்ணும் இல்லன்னுதான சொன்ன, இளவரசி?" என்றார். தெருவே அவரை ஓட்டித் தள்ளியது. அதிகமாக ஓட்டியது என் வீட்டுக்காரர்தான்.

தை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை பாதியில் நின்றது. அக்கா கலாவதிக்குப் பொறுமை கிடையாது. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம் புடவையை இழுத்துச் செருகினாள். "நீங்க வெளக்கு புடிச்சிக்கினே இருங்க, நான் நெய்யறேன்" என்று குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டாள். சண்டை பார்க்கலாம் என்று நான் வாசற்படியில் நின்றேன்.

தறி ஓடியது. மாமா பக்கத்தில் படுத்து வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று அவர் கை அசையாமல் நின்றது.

"கலா."

"இன்னா?"

"எடது கால அசைக்காத."

"போதும் உங்க வெளயாட்டு" என்று மிதியை அழுத்தப் போனவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும் தரையில் சொட்டியது.

"என்ன பாருமா. கீழ பாக்காத. உனக்கு ஒண்ணும் ஆவாது."

அக்கா அவரையே பார்த்தபடி இருந்தாள். அவள் குதிகாலை உரசிக்கொண்டு அது மெதுவாகப் போனது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு மாமா அவளை அப்படியே தூக்கி வெளியே போட்டுக் கட்டிக்கொண்டு, "கலா, கலா" என்று ஊர் அதிரக் கத்தினார். குழிச் சுவரில் இருந்த எலி வளைக்குள் பாம்பு போய்விட்டது.

பாம்பு பிடிக்கும் மாணிக்கவேல் வந்து கடப்பாரையால் வளையை இடித்தார். பாம்பைக் காணோம். உள்ளே கையை விட்டுப் பாம்புச் சட்டையை உருவினார், இன்னும் ஈரம் காயாதது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. உள்ளே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியாக வந்தது பென்சில் கனம்தான், தொட்டதும் நொறுங்கியது.

"குட்டியா இருக்கசொல்லவே வந்துக்கிது சார். உங்க காலாண்டயே வளந்துக்கிது" என்றார். மாமா தன் இரண்டு பாதங்களையும் கைகளால் மூடிக்கொண்டார்.

மாணிக்கவேல் வளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொள செவுத்துக்கு அந்தாண்ட போவுது. அங்க இன்னா இருக்குது?"

அங்கே இருப்பது எங்கள் வீடு. எங்கள் தறிக்குழி. ஜரிகை வாங்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் இளங்கோவன் அப்போதுதான் திரும்பியிருந்தார். வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து மாமாவின் வழக்கமான கூத்து என்று நினைத்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தது.

மழையில் விழுந்தடித்து ஓடினேன்.

"ஏங்க, கால அசைக்காதீங்க."

"உங்க மாமா பைத்தியம் உனக்கும் புடிச்சிக்கிச்சா?" என்று சிரித்துக்கொண்டே மிதியை மிதித்தார்.