பஞ்சாபகேசனின் நீலம்

வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்துத் தொட்டியின் கண்ணாடிமேல் ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார் பஞ்சாபகேசன். பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"மஞ்சளடிக்கறது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"காப்பி ஆறறது" என்றாள் சமையலறையிலிருந்து மனைவி ருக்கு. அதுவும் யாரிடமும் இல்லை.

மாட்டுங்காவில் அந்த இரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில், முன்பு சோபா இருந்த இடத்தில் இப்போது கடல் இருக்கிறது. அதாவது ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைமேல் உயிருள்ள பவளங்கள். நகைக்கடைப் பவளத்தை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒன்று விரித்த உள்ளங்கைபோலத் தடித்து அசையும். ஒன்று சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்ததுபோல இருக்கும். இன்னொன்று காளான் குடைபோலப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ரிட்டயர் ஆனவா காசிக்குப் போவா. நான் சமுத்திரத்தை ஹாலுக்கே கூட்டிண்டு வந்துட்டேன். அலை ஒண்ணுதான் பாக்கி. அதை ருக்கு அடிச்சுக்கறா" என்பார் வருகிறவர்களிடம்.

விக்ரோலியில் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிறம் பொருத்துவதுதான் வேலை. வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டையோ பிளாஸ்டிக் மூடியையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றால், எந்தச் சாயத்தில் எத்தனை துளி என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். பிறகு இயந்திரம் வந்தது. இயந்திரம் சொன்னதையும் அவர் ஒருமுறை பார்த்துத் தலையாட்டினால்தான் டப்பா வெளியே போகும். இந்தத் தலையாட்டலில் கொஞ்சம் கர்வம் உண்டு. கல்யாணத்துக்குப் போனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசமாட்டார். மாப்பிள்ளையின் வேட்டியும் அங்கவஸ்திரமும் வேறு வேறு வெள்ளை என்று பக்கத்து இலைக்காரர் காதில் சொல்வார். தாதர் ஸ்டேஷன் சுவரில் ஒரு டப்பா பெயின்ட் தீர்ந்து அடுத்த டப்பா தொடங்கிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். "சாமி கும்பிடத் தெரியாது, கணக்குப் போடத் தெரியாது, பாட்டு வராது. கண்ணு ஒண்ணுதான் பகவான் குடுத்தது. அதை வெச்சுண்டுதான் இத்தனை நாள் சாப்பிட்டாச்சு."

பவளத்துக்கும் வெளிச்சம்தான் சாப்பாடு. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தைச் சமைத்துப் பவளத்துக்குப் போடும். கடலுக்குள் ஆழத்துக்குப் போகும் வெளிச்சம் நீலம் என்பதால் தொட்டியின் மேலே தொங்கும் விளக்கும் நீலமாக இருப்பது வழக்கம். இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டு, முதலில் நீலக் குழல்விளக்கு மாட்டினார். மஞ்சளடித்தது. தண்ணீரில் குற்றம் என்று தண்ணீரை மாற்றினார். கண்ணாடியில் குற்றம் என்று கண்ணாடியைச் சுரண்டினார். வடிகட்டியில் புதுக் கரியைப் போட்டார். அப்புறமும் மஞ்சள்.

ஆகவே தாராவிக்குப் போனார். அங்கே வெயிலுமுத்து மீன் கடை வைத்திருக்கிறார். தங்கமீனும் சண்டைமீனும் விற்கிறவர். பவள விளக்கு கேட்டு வரும் ஒரே வாடிக்கையாளர் பஞ்சாபகேசன்தான். அவருக்காகவே ஆளனுப்பித் தருவித்துக் கொடுப்பார். எல்.இ.டி. விளக்கு வந்தது. அதை ஃபோனிலேயே கூட்டவும் குறைக்கவும் முடியும். வெள்ளைக்கு ஒரு கோடு, நீலத்துக்கு ஒரு கோடு, ஊதாவுக்கு ஒரு கோடு. பஞ்சாபகேசன் வெள்ளையைப் பூஜ்யத்துக்கு இறக்கினார். மற்ற இரண்டையும் உச்சிக்கு ஏற்றினார். பத்தவில்லை. திரும்பவும் தாராவி.

"நீலம் பத்தலையே, முத்து."

வெயிலுமுத்து கடையிலிருந்த மாதிரி விளக்கை ஏற்றிப் பார்த்தார். முகத்தைச் சுருக்கி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். "கண்ணு அவியுது சார். இதுக்கு மேல நீலம் வேணும்னா கடலுக்குள்ளதான் போயிப் பாக்கணும்."

"நோக்குத் தெரியாது. நான் கலர்லயே பொறந்து வளந்தவன்."

"எனக்கு என்ன சார் தெரியும். நீங்க கேக்கியதை எடுத்து வைக்கேன். இன்னொண்ணு வேணும்னா இன்னொண்ணு."

இன்னொன்று வந்து, முதல் விளக்குக்குப் பக்கத்திலேயே தொங்கியது.

அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் இட்லி நீலமாகவும் சாம்பார் கறுப்பாகவும் இருந்தன. எதிர்க் கட்டடத்துக் குஜராத்திப் பெண்மணி தெருவில் பார்த்து, "அங்கிள், டிஸ்கோ சாலூ கியா க்யா?" என்று, வீட்டில் டிஸ்கோ ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்டார். பஞ்சாபகேசனுக்கு ஒரே சிரிப்பு. "ஆமா, நானும் ருக்குவும் தினம் ஆடறோம்" என்றார். ருக்குவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தலைவலி வந்தது. முதலில் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பிறகு டி.வி.யைப் படுக்கையறைக்கு மாற்றச் சொன்னாள். கடைசியில் சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பற்றிப் பேசும் பிரம்பு நாற்காலிகளில் அவளுடையதும் உள்ளே போய்விட்டது. கூடத்தில் ஒற்றை நாற்காலியும் கடலும் பஞ்சாபகேசனும் மிஞ்சினார்கள்.

பவளங்களும் சந்தோஷமாக இல்லை. உள்ளங்கைப் பவளம் விரல்களை மடக்கிக்கொண்டது. பொத்தான்கள் மூடிக்கொண்டன. காளான்களில் ஒன்று பாறையைவிட்டுக் கழன்று, இருட்டான பாறை இடுக்குக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

ருக்கு அதை எட்டிப் பார்த்தாள். "அதுக்கே கண்ணு கூசறது. ஒளிஞ்சுண்டுடுத்து பாருங்கோ."

"அதுக்குக் கண்ணே கிடையாது, ருக்கு."

"கண்ணே இல்லாததுக்குத் தெரியறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பஞ்சாபகேசனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவருக்குத் தோன்றிய காரணம் வேறு. பட்டினியால் வாடுகிறது, வெளிச்சம் பத்தவில்லை. மூன்றாவது விளக்குக்கு வெயிலுமுத்துவிடம் ஃபோனில் சொல்லி வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐரோலியிலிருந்து பெண் ஹரிதா வந்தாள். அவள் ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவன் ஒருவன் வீட்டிலும் இப்படியொரு தொட்டி உண்டு. அவனிடமிருந்து தண்ணீருக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதை உள்ளே விட்டுப் பார்த்தவள், துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள்.

"அப்பா, ஏக்தம் ஓவர். இந்த மாதிரி கோரலுக்கு இது டபுளுக்கும் மேல. பாவம்ப்பா, எல்லாம் வெந்துண்டிருக்கு."

"மீட்டருக்குக் கண்ணு சரியில்லை. டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு" என்றார் பஞ்சாபகேசன், தன் நகைச்சுவையைத் தானே ரசித்து.

ஹரிதா சிரிக்கவில்லை. குனிந்து அவர் கண்ணைப் பார்த்தாள். பிறகு அவரைக் கையைப் பிடித்துச் சமையலறை வாசலுக்கு அழைத்துப் போனாள். உள்ளே ஜன்னல் வெயிலில் நின்று ருக்கு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா புடவை என்ன கலர்ப்பா?"

"பிரவுன்."

ருக்குவின் கத்தி நின்றது. "வயலட்டுன்னா இது" என்றாள் மெதுவாக. "நீங்களே பாத்து எடுத்துக் குடுத்தது."

அவர் கிட்டே போனார். முந்தானையை எடுத்து வெயிலில் பிடித்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். அன்று முழுவதும் அவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. சாயங்காலம் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சட்டையாக எடுத்து, "இது?" என்று கேட்டார். ருக்கு சொல்லச் சொல்ல, சரி, சரி என்று தலையாட்டினார். பாதிக்கு மேல் அவர் நினைத்திருந்த நிறம் இல்லை.

செம்பூரில் கண் டாக்டர், மராட்டிப் பெண், விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். "காகா, மோத்தியாபிந்து. தோனோ ஆங்க். பூரா பக் கயா ஹை" என்றார். இரண்டு கண்ணிலும் கண்புரை, நன்றாகப் பழுத்துவிட்டது. பழுத்த புரை தேநீர் நிறத்தில் இருக்கும், நீலத்தை உள்ளே விடாது, மெல்ல மெல்ல வருவதால் ஆளுக்குத் தெரியாது என்று விளக்கினார். "இத்தனை நாள் எப்படி ஒன்றும் தோன்றாமல் இருந்தது?" என்று இந்தியில் கேட்டார்.

"தோணித்து டாக்டர். லைட்டு சரியில்லைன்னு தோணித்து" என்றார் பஞ்சாபகேசன்.

ஆபரேஷனுக்கு அவர் பயந்தார் என்பதை ருக்குவிடம் மட்டும் சொன்னார். ஆட்டோவில் போகும்போது, "போயிடுத்துன்னா நேக்கு வேற ஒண்ணும் தெரியாதே, ருக்கு" என்றார். அவள், "ஒண்ணும் போகாது. முன்னாடி பாத்து உக்காருங்கோ, குழி வரது" என்றாள். ஆனால் கையை விடவில்லை.

அந்தக் கவலையில் தொட்டி விளக்கை யாரும் தொடவில்லை. முதலில் வலது கண். மறுநாள் ஆஸ்பத்திரியிலேயே கட்டை அவிழ்த்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடத்துக்குள் வந்து கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியவர் ஓர் அடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"ருக்கு! யாரு இந்த லைட்டைப் போட்டா?"

"நீங்கதான்."

"மனுஷா இருக்கற வீடா இது?"

"அதைத்தான் நானும் கேட்டுண்டிருந்தேன்."

திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முகமும் கழுத்தும் கையும் நீலமாக இருந்தன. இத்தனை மாதமும் அவள் இந்த நிறத்தில்தான் அவருக்குக் காப்பி கொண்டுவந்திருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அடக்கப் பார்த்து, முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். ருக்குவும் சிரித்துவிட்டாள். "டிஸ்கோவேதான். அந்தக் குஜராத்திக்காரி சரியாத்தான் சொன்னா" என்றார்.

சிரிப்பு அடங்கியபின் தொட்டியைக் கிட்டே போய்ப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது. உள்ளங்கைப் பவளத்தின் விளிம்பெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. காளான்களில் ஒன்று கரைந்தே போய்விட்டிருந்தது. ஒளிந்துகொண்டதுதான் பிழைத்திருந்தது. "வெள்ளையைக்கூட நான் பாக்கலையே" என்றார். அதை வேடிக்கையாகச் சொல்ல அவருக்கு வரவில்லை.

ஒரு விளக்கை நன்றாகத் தணித்துவிட்டு, மற்றதைக் கழற்றி, ருக்குவைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலுமுத்துவிடமே திருப்பினார். சொல்லி வைத்திருந்த மூன்றாவதும் வேண்டாமென்றார். "நான் அன்னைக்கே சொன்னம்லா சார்" என்றார் வெயிலுமுத்து. "நீ சொன்னே, அவ சொன்னா, மீட்டர் சொல்லித்து, காளான்கூடச் சொல்லித்து. நான்தான் கலர் மகாராஜாவாச்சே, பிரஜைகள் சொன்னாக் கேப்பேனோ?" என்றார் பஞ்சாபகேசன். இப்போது யார் வந்தாலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார். தான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் இந்த ஊரில் எத்தனை வீட்டுச் சுவர் தன் தலையாட்டலால் தப்பான வெள்ளையில் நிற்கிறதோ என்று சொல்லி, வந்தவர் வீட்டில் எந்தக் கம்பெனிப் பெயின்ட் என்றும் விசாரிக்கிறார்.

இடது கண்ணுக்கு இன்னும் தேதி வரவில்லை. வலது கண்ணை மூடினால் தொட்டி டிகாக்ஷனாகத் தெரிகிறது, இடதை மூடினால் பட்டப்பகல் ஆகாசம். "ரெண்டும் ரெண்டு கட்சி. கூட்டணி அமையற வரைக்கும் நான் ஆட்சி பண்ணப்படாது" என்கிறார்.

உள்ளங்கைப் பவளம் போன வாரம் பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டு இரண்டு விரலை நீட்டியது. வெளிச்சத்தை இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்று ஹரிதா ஃபோனில் சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் ருக்குவின் பிரம்பு நாற்காலி கூடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. பஞ்சாபகேசன் தன் ஃபோனை எடுத்து, அந்த மூன்று கோடுகளும் தெரியும்படி வைத்து, அவளிடம் நீட்டினார்.

"நீயே வை."

"நேக்கு என்ன தெரியும் இதெல்லாம்?"

"நோக்கு எது கண்ணை உறுத்தலையோ, அதை வை."

அவள் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, விரலால் நீலத்தைத் துளி நகர்த்தினாள். தொட்டியைப் பார்த்தாள். இன்னும் துளி நகர்த்தினாள். வெள்ளையையும் கொஞ்சம் ஏற்றினாள். பஞ்சாபகேசன் ஃபோன் பக்கம் கையை நீட்டினார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.