நான் ஓட்டவில்லை என்று எழுதிக்கொடுத்தேன்

போன புதன்கிழமை கார் திரும்பி வந்தது. பாலாவியில் ஒரு கராஜில் மூன்று வாரம் கிடந்துவிட்டு, புது பம்பரும் புது லைட்டுமாக வாசலில் நின்றது. என் மனைவி படி இறங்கி வந்து கதவைத் திறந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும் — நாங்கள் நுவரெலியாக்காரர்கள். நான் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன், அவள் டீச்சர். டிசம்பர் குளிர் அவளுடைய முழங்காலுக்கு ஆகாது. அதனால் ஐந்து வருடமாக மார்கழி தொடங்கிப் பங்குனி வரை கடலோரக் கண்டக்குழியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறோம். காரும் எங்களோடு மலை இறங்கும்.

போன வருடம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எனக்கு ஒரு யோசனை. வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கிற காருக்கு எதற்கு முழுக் காப்புறுதி? அடுத்தவருக்கு ஆகும் சேதத்தை மட்டும் பார்க்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதாதா?

நுவரெலியாவில் எங்கள் ஏஜென்ட் கலா விடவில்லை. கேள்வி மேல் கேள்வி. அந்த நாலு மாதமும் கார் எங்கே நிற்கும்? வேறு யாராவது ஓட்டுவார்களா? பொலிஸ் விசாரணை தோற்றுவிடும்! கடைசியில், கார் கடலோரத்தில் நிற்கப்போவதை ஒரு கடிதமாக எழுதி வாங்கி, முழுக் காப்புறுதியையே போட்டுவிட்டாள். நான் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்து வைத்தேன்.

இந்த ஜனவரியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மனைவி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவள் அப்படியே சுவரோடு சரிந்தாள். முகமெல்லாம் வியர்வை. நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது என்றாள்.

நாற்பது வருடம் கார் ஓட்டியவன் நான். சாவியைத் துவாரத்தில் போட முடியவில்லை... இரண்டு தரம் கீழே விழுந்தது.

பக்கத்து வீட்டு நிஸ்தார் வேலியோரமாக வலை காய வைத்துக்கொண்டிருந்தார். இப்போது வள்ளம் வைத்திருந்தாலும், முன்பு கொழும்புக்கு மீன் லொறி ஓட்டியவர். நான் கூப்பிட்ட குரலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அவரிடம் கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சாவியத் தாங்க சேர். நீங்க பின்னால டீச்சரோட இரிங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில் முள்ளுப் பற்றைக்குள்ளிருந்து ஒரு கழுதை ரோட்டுக்குப் பாய்ந்தது. நிஸ்தார் ஒடித்துத் திருப்பினார். கார் மதகுச் சுவரில் மோதி நின்றது. எங்கள் யாருக்கும் அடியில்லை. கழுதைக்கு ஒரு கீறலும் இல்லை!

பின்னால் வந்த ஒரு த்ரீவீலை நிஸ்தார் கையைக் காட்டி மறித்தார். மனைவியை இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். காரை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, என்னைப் போகச் சொன்னார். மாரடைப்பின் தொடக்கம் என்றார் டாக்டர். தாமதித்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னார்.

அவள் கண் திறந்து என் பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்குக் காரின் ஞாபகமே வந்தது.

பின்னேரம் நிஸ்தார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த இன்சூரன்ஸ் நம்பருக்கு அவரே போன் பண்ணி, இன்சூரன்ஸ்காரர் வந்து படம் எடுக்கும் வரை வெயிலில் நின்றிருக்கிறார். திருத்துகிற செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சம்.

எனக்கோ வேறு பயம். அடுத்தவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் — ஓட்டியது நான் என்று எழுதிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது என்று.

நிஸ்தார் தலையை ஆட்டினார்.

"வாணாம் சேர். அங்க நின்ட ஆக்களும் அப்புடித்தான் சொல்லச் சொன்னாங்க. இன்சூரன்ஸ்காரரிட்ட நான்தான் ஓட்டினனெண்டு சொல்லிட்டன். பொய் சொல்லித் திருத்தின கார்லயா டீச்சர ஏத்தப் போறீங்க?"

தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்தவன் நான். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து கலாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் இரண்டே கேள்விதான் கேட்டாள். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா? நீங்கள் சம்மதித்துத்தான் ஓட்டினாரா?

இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

"அப்ப ஒண்ணும் யோசிக்காதீங்க சேர். உங்க பொலிசியில அதுக்கு எடமிருக்கு, நான் பாத்துதான் போட்டேன். டீச்சர் சாப்பிட்டாங்களா?"

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து அழுதேன். எழுபது வயதில் இன்சூரன்ஸ் ஏஜென்டோடு பேசிவிட்டு அழுத ஆள் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் படிவத்தில் ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் நிஸ்தாரின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒரு கேள்வியுமில்லாமல் காரைத் திருத்திக் கொடுத்தார்கள்.

முதுமையில் வீட்டை விட்டுத் தூரமாகப் போய்த் தங்கும்போது மருந்து, போர்வை, கண்ணாடி எல்லாம் ஞாபகமாக எடுத்து வைக்கிறோம். போகிற இடத்தில் நம்மை யார் தாங்கப் போகிறார்கள் என்று மட்டும் யோசிப்பதில்லை. எனக்கு யோசிக்காமலே இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி மலையில், ஒருவர் கடலோரத்தில்.

உங்கள் பொலிசியை இன்றைக்கே எடுத்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்... அப்படியே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சலாமும் சொல்லி வையுங்கள்.