புங்கமரத்தைச் செதுக்கி எடுத்தேன்

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் எனக்கு மரக்கட்டையில் படம் செதுக்கும் வேலை. மருந்துப் புட்டிக்கும் துணி மூட்டைக்கும் ஒட்டுகிற படங்கள்தான் பிழைப்பு. எனக்கென்று செய்துகொண்டது ஒன்றே ஒன்று. ஊரிகத்துக்கு அப்பால் இருந்த மேட்டை ஒரு பலாக்கட்டையில் செதுக்கியிருந்தேன். முதல் பிரதியில் மேடு முழுக்கக் காடு. தங்கச் சுரங்கத்துப் பாய்லருக்கு விறகு வெட்ட வெட்ட, போன மரங்களை நானும் அதே கட்டையிலிருந்து செதுக்கி எடுத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு பிரதி போடுவேன். செதுக்கிய இடத்தில் மை ஏறாது; தாளில் வெள்ளையாக விழும். வருஷா வருஷம் வெள்ளை கூடிக்கொண்டே வந்தது.

எங்கள் மகள் நாலு வயதில் காய்ச்சலில் போனாள். அந்த மேட்டில் மிஞ்சியிருந்த ஒரு புங்கமரத்தடியில் புதைத்தோம். என் மனைவி வாரந்தோறும் போய்ப் பூ வைத்துவிட்டு வருவாள்.

பிறகு, தங்கம் பிரித்தெடுத்த சயனைடு மண்ணை அங்கே கொண்டுவந்து கொட்டத் தொடங்கினார்கள். மண் மரத்தை நெருங்கிய அன்று அவள் மேஸ்திரியிடம் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"எங்க கொயந்த அங்க கீதுங்க. கொஞ்சம் அப்பால கொட்டுங்க."

"நான் இன்னாம்மா பண்றது? தொரை கோடு போட்ட எடத்துலதான் கொட்றோம்." அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

சில நாட்களில் கிளை நுனிகூட வெளியே தெரியவில்லை.

அந்த வருஷப் பிரதிக்காகக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளதை உள்ளபடி போட வேண்டும் என்ற வீம்பு எனக்கு. கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்பதும் உண்மை. புங்கமரத்தைச் செதுக்கி முடித்துத் தூளை ஊதியபோது அவள் பின்னால் நின்றிருந்தாள்.

"மரம் எங்க?"

"அங்கியே இல்லியே."

"அவங்க மண்ணப் போட்டு மூடுனாங்க. நீங்களுமா?"

அவள் குனிந்து அந்த மரத்தூளை விரலால் ஒற்றி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புதுக்கட்டை வாங்கி, அந்த மரத்தை மட்டும் செதுக்கி, நல்ல தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது வேற மரங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த மாதமே குடியாத்தத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். ரயிலடியில், எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"வந்து எங்க போய் நிக்கறது?" என்றாள்.

அவள் திரும்பி வரவேயில்லை.